ஆலய வீரரும் ஹல்துமுல்லைக் கோட்டையும்

(ஹல்துமுல்லையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களுட் பலருக்கு வியப்பை அளித்திருக்கும். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் பாரிஸ் நகரில் தீயிலிட்டுக் கொல்லப்பட்ட சில துறவிப் போர்வீரரைப் பற்றி இந்த ஊவா மலைச்சரிவில் நின்று பேசவேண்டிய தேவை யாது? கொழுந்து விலையைப் பற்றிப் பேசலாம்; காணி உறுதியைப் பற்றிப் பேசலாம். பாப்பரசரையும் பிரான்சிய மன்னனையும் இங்கே இழுத்து வருவானேன் என்று கேட்பீர்கள்.

காரணம் தொலைவில் இல்லை. இவ்வூரை அடுத்துச் சிதைந்து கிடக்கும் கட்டுகொடெல்லைக் கோட்டையை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். பறங்கியர் கோட்டை என்றே அதனைச் சொல்லி வருகிறோம். அந்தப் பறங்கியர் எவர் என்று கேட்டால், பள்ளிக்கூடப் புத்தகம் 1505ஆம் ஆண்டிலே தொடங்கும். புயலில் அகப்பட்ட கப்பல் கொழும்பிலே ஒதுங்கிற்று என்று சொல்லும். ஆனால் போர்த்துக்கேயர் இந்துமாக்கடலுட் புகுந்தபோது அவர்களுடைய பாய்களிலே தீட்டப்பட்டிருந்த சிவப்புச் சிலுவை புயலில் ஒதுங்கி வந்ததன்று. அதற்கு ஒரு பிறப்பு உண்டு. ஒரு வழக்கு உண்டு. ஒரு சாவு உண்டு. செத்தபின் வேறு பெயரோடு எழுந்து நடமாடிய வரலாறும் உண்டு. அந்த வரலாற்றை ஏறக்குறைய நானூறு ஆண்டு பின்னே சென்று தொடங்குவோம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லி வைக்கிறோம். நாம் பேசப்போகும் இவ்வீரர் எமக்கு உற்றாரல்லர், உறவினரல்லர். இவர்களுடைய சொத்துக்கும் சின்னத்துக்கும் வாரிசானவர்களின் கொடி பறந்த காலத்தில்தான் எமது கோயில்கள் இடிந்தன. இருந்தும் இன்று இவர்களுக்காக வழக்குரைக்கவே வந்திருக்கிறோம். ஏன் என்பதைப் போகப்போகக் காண்பீர்கள்.

1099ஆம் ஆண்டு யூலை மாதம் 15ஆம் நாள் ஐரோப்பியச் சிலுவைப் படைகள் எருசலேம் நகரைக் கைப்பற்றின. அன்று அந்நகரில் நிகழ்ந்த படுகொலையை இங்கு விரிக்க வேண்டியதில்லை. நகரைப் பிடித்தோருட் பெரும்பாலோர் நேர்த்திக்கடன் முடிந்ததென்று ஊர் திரும்பிவிட்டனர். எஞ்சியோர் சிலர், யாத்திரிகரோ பலர், யாப்பாத் துறைமுகத்திலிருந்து எருசலேமுக்கு ஏறும் மலைப்பாதையிலே கொள்ளையரும் பலர். ஏறக்குறைய 1119இல் ஹூயூ த பாயன் என்னும் பிரான்சியப் பிரபுவும் அவருடைய தோழரும் அந்த வழியைக் காப்பதென்று உறுதி பூண்டனர். ஒன்பது பேர் என்பது மரபு. பிரமசரியம், வறுமை, கீழ்ப்படிதல் என்னும் துறவியின் மூன்று விரதங்களையும் ஏற்று, வாளையும் கைவிடாதிருந்தனர். மன்னன் இரண்டாம் போல்ட்வின் அவர்களுக்குத் தங்க இடமளித்தது அல் அக்சாப் பள்ளிவாசலில். அதுவே பழைய சாலமோன் ஆலயம் என்று அவர்கள் கருதினார்கள். அதனாலே ஆலய வீரர், அவர்கள் மொழியில் டெம்ப்ளர், என்ற பெயர் நிலைத்தது. ஒரே குதிரையில் இருவர் ஏறியிருப்பது அவர்களுடைய முத்திரையாக வழங்கிற்று. வறுமைக்கு அது அடையாளமென்று விளக்கம் சொல்வார்கள்.

துறவி கொலை செய்யலாமா? நல்ல கேள்வி. அக்காலத்துக் கிறித்தவ உலகமே அதனைக் கேட்டது. அதற்கு விடையிறுத்தவர் கிளேர்வோ மடத்து அதிபர் பெர்னார்டு. 1129இல் துரோவா நகரில் கூடிய திருச்சபை மன்றம் அவருடைய செல்வாக்கினால் இச்சபையை ஏற்று ஒழுக்க விதிகளையும் வகுத்தளித்தது. புதிய வீரத்தைப் புகழ்ந்து பெர்னார்டு ஒரு நூலும் எழுதினார். தீயவனைக் கொல்வது மனிதக் கொலையன்று, தீமையின் கொலையே என்பது அவருடைய வாதத்தின் சாரம். எமக்கு அந்த வாதம் ஒப்பாது. எந்தக் காலத்திலும் எந்தக் கொடியின் கீழும் அதே வாதத்தை எவராவது ஒருவர் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார் என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே செல்வோம்.

பத்தே ஆண்டு கழிந்தது. 1139இல் பாப்பரசர் இரண்டாம் இன்னசென்ட் ஒரு சாசனம் வழங்கினார். சட்டம் பயின்றோர் ஊன்றிக் கவனிக்கவேண்டிய ஆவணம் அது. அதன்படி ஆலய வீரர் பாப்பரசர் ஒருவருக்கே கட்டுப்பட்டவர். ஊர் ஆயர் அவர்களை விசாரிக்க முடியாது. தசமபாகம் என்னும் பத்திலொரு பங்கு வரி அவர்கள் காணிக்கு இல்லை. மாறாகச் சில இடங்களிலே பிறரிடம் அதனை வாங்கவும் உரிமையுண்டு. தமக்கெனக் குருமாரை வைத்துக்கொள்ளலாம். 1144இலும் 1145இலும் வந்த சாசனங்கள் இச்சலுகைகளை இன்னும் பெருக்கின. சுருங்கச் சொன்னால், ஐரோப்பா எங்கணும் காணி வைத்திருந்தும் எந்த நாட்டு வழமைக்கும் முழுமையாகக் கட்டுப்படாத ஒரு கூட்டம் உருவாயிற்று.

விவசாயிகளான நீங்கள் அவர்களுடைய காணி முறையையும் அறிய வேண்டும். பக்தியுள்ளோர் எழுதிவைத்த வயல், திராட்சைத் தோட்டம், மாவாலை, ஆட்டுக்கிடை எல்லாவற்றையும் வட்டம் வட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு வீரனையோ பணிவிடைச் சகோதரனையோ பொறுப்பாக வைத்தார்கள். விளைவில் மூன்றிலொரு பங்கு கீழ்த்திசைக்கு அனுப்பப்பட வேண்டுமென்பது முறை. வியர்வை சிந்துமிடம் ஒன்று, பணம் சேருமிடம் மற்றொன்று. ஊவாவிலே பிறந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டிய அவசியமில்லை.

பணம் சேர்ந்தது, பணத்தைக் காக்கும் கோட்டைகளும் இருந்தன, கடல் கடந்து பணம் அனுப்பும் பழக்கமும் கைவந்தது. ஆகவே வங்கித் தொழில் தானாக வந்து சேர்ந்தது. இலண்டனிலோ பாரிசிலோ பணத்தைக் கட்டிச் சீட்டுப் பெற்றவன் எருசலேமில் அதைக் காட்டிக் காசு வாங்கினான். மன்னர்கள் கடன் வாங்கினார்கள். பிரான்சிய அரசின் கருவூலமே நெடுங்காலம் பாரிஸ் நகர் ஆலய மாளிகையில் இருந்தது. ஒரு குதிரையில் இருவர் ஏறிய முத்திரை மட்டும் மாறவில்லை!

அவர்களை வெறும் வெறியராகத் தீட்டிவிடுவதும் பிழையாகும். சிரியா நாட்டுப் பிரபுவும் எழுத்தாளருமாகிய உசாமா இப்னு முன்கித் என்பவர் தம் நினைவுகளில் ஒரு செய்தியைக் குறித்திருக்கிறார். அவர் எருசலேம் சென்ற வேளையில், நண்பர்களான ஆலய வீரர் தம் வசமிருந்த சிறு தொழுகையிடத்தை அவருக்காக ஒழித்துக் கொடுத்தனராம். புதிதாக ஐரோப்பாவிலிருந்து வந்த ஒருவன் அவரைப் பிடித்துக் கிழக்கு முகமாகத் திருப்பித் தொழச் சொன்னபோது, ஆலய வீரரே அவனை இழுத்து அப்புறப்படுத்தி மன்னிப்பும் கேட்டனராம். எதிரியோடு நெடுநாள் பழகியவனுக்கு எதிரியும் மனிதனாகிவிடுகிறான். புதிதாக வந்து இறங்குபவனிடத்தில்தான் கொதிப்பு அதிகம்.

போர்க்களத்தின் கதையை விரைந்து முடிப்போம். 1187 யூலை 4ஆம் நாள் ஹத்தீனில் சலாதீன் சிலுவைப் படையை முறியடித்தான். சிறைப்பட்ட படைத்துறவியர் இருநூற்றுக்கு மேற்பட்டோரை வாளுக்கிரையாக்கினான். அக்டோபரில் எருசலேம் வீழ்ந்தது. அதன்பின் ஒரு நூற்றாண்டு கரையோரத் துண்டுகளைப் பற்றிக்கொண்டிருந்தார்கள். 1291 மே மாதத்தில் ஆக்கர் நகரும் வீழ்ந்தது. சபைத் தலைவர் கியோம் த போசு அங்கேயே மடிந்தார். யாத்திரிகரைக் காக்கப் பிறந்த சபைக்கு இப்போது காக்க வழியுமில்லை, யாத்திரிகருமில்லை. காணியும் பணமும் சலுகையும் மட்டும் எஞ்சின. ஒரு நிறுவனத்துக்கு இதைவிட ஆபத்தான நிலை வேறில்லை.

அப்போது பிரான்சை ஆண்டவன் நான்காம் பிலிப்பு. அழகன் பிலிப்பு என்று பெயர். இங்கிலாந்தோடும் பிளாண்டர்சோடும் போர் செய்து கடனில் மூழ்கியவன். நாணயத்தின் வெள்ளியைக் குறைத்துக் குடிகளை ஏய்த்தான். 1306இல் யூதர்களை நாடு கடத்தி அவர்கள் சொத்தைப் பறித்தான். அதே ஆண்டில் நாணயக் குழப்பத்தால் பாரிஸ் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது அவன் ஓடி ஒளிந்த இடம் எது தெரியுமா? ஆலய வீரரின் மாளிகை. அங்கே தங்கியிருந்த நாளில் பெட்டகங்களைக் கண்ணால் கண்டிருப்பான் என்று சிலர் எழுதுவர். அது ஊகமே, அதனை நாம் சாட்சியமாகக் கொள்ளவில்லை.

அடுத்த ஆண்டு, 1307 செப்டெம்பர் 14ஆம் நாளிட்டு, இரகசியக் கட்டளைகள் நாடெங்கும் சென்றன. அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை விடியலில் பிரான்சிலுள்ள ஆலய வீரர் அனைவரும் ஒரே வேளையில் கைது செய்யப்பட்டனர். தலைவர் ஜாக் த மொலேயும் அவர்களுள் ஒருவர். குற்றச்சாட்டுகள் கேட்கவே கூசுவன: சபையிற் சேரும்போது கிறிஸ்துவை மறுதலித்தார்கள், சிலுவையில் துப்பினார்கள், ஆபாசமான முத்தங்கள் கொடுத்தார்கள், ஒரு தலையைத் தெய்வமாக வணங்கினார்கள். இந்நடவடிக்கையை நடத்தியவர் கியோம் த நொகாரே. எம்முடைய தொழிலைச் சேர்ந்தவர், ஐயா! மொம்பெலியே நகரில் சட்டம் போதித்த பண்டிதர். சட்டம் தெரியாதவன் செய்யும் அநீதிக்கு ஓர் எல்லையுண்டு. சட்டம் தெரிந்தவன் செய்யும் அநீதிக்கு அந்த எல்லையும் இல்லை.

பாரிசில் அவ்வாண்டு அக்டோபர், நவம்பர் மாதங்களில் விசாரிக்கப்பட்டோர் 138 பேர். குற்றத்தை ஒப்புக்கொண்டோர் 134 பேர். மறுத்தோர் நால்வர். இதைவிட உறுதியான வழக்கு உண்டா என்று மன்னனின் ஆட்கள் கேட்டிருப்பார்கள். ஆனால் அந்த ஒப்புதல்கள் எவ்வாறு பெறப்பட்டன? சமயக் குற்ற விசாரணையிலே சித்திரவதையை 1252ஆம் ஆண்டிலேயே பாப்பரசர் ஆணை அனுமதித்திருந்தது. இரண்டாண்டு கழித்துப் பாப்பரசரின் ஆணையத்தின் முன் நின்று பொன்சார் த கிசி என்னும் வீரர் சொன்னார்: நகக்கண்ணிற் குருதி வருமளவும் கைகளைப் பின்னே கட்டிக் குழியிலே போட்டு வைத்தார்களாம், மீண்டும் அவ்வாறு செய்தால் எதைக் கேட்டாலும் ஒப்புக்கொள்வேன் என்றாராம். இன்னொருவரின் பாதங்களைத் தீயிலே வாட்டினார்கள். சில நாளில் குதிகாலிலிருந்து எலும்புகள் கழன்று விழுந்தன. அவற்றைக் கொண்டுவந்து ஆணையத்தாரிடம் காட்டினார். சான்றுப்பொருள்!

1310ஆம் ஆண்டு வசந்தத்திலே ஏறக்குறைய அறுநூறு வீரர் சபையைக் காத்து வழக்காட முன்வந்தனர். போலோஞ்ஞா நகரத்துப் பியேர் என்னும் குருவானவர் அவர்களின் சார்பாளருள் ஒருவராய் நின்று வாதித்தார். பிரான்சுக்கு வெளியே இக்குற்றங்களைச் சொல்லும் ஆலய வீரன் ஒருவனையும் காண முடியாதிருக்க, பிரான்சில் மட்டும் எல்லோரும் சொல்வானேன் என்பது அவருடைய கேள்வி. அருமையான கேள்வி. விடை சொல்வார் இல்லை. விடைக்குப் பதிலாகத் தீயே வந்தது. அவ்வாண்டு மே 12ஆம் நாள், ஆணையம் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே, மன்னனுக்கு வேண்டியவரான சாங்சு நகர்ப் பேராயர் 54 வீரரைப் பாரிசுக்கு வெளியே ஒரே நாளில் எரிப்பித்தார்.

எந்தச் சட்டத்தின் கீழ்? இதைத்தான் நீங்கள் உற்று நோக்க வேண்டும். முதலிற் குற்றத்தை ஒப்புக்கொண்டு திருச்சபையோடு ஒப்புரவானவன், பின்னர் அந்த ஒப்புதலை மறுத்தால், அவன் மீண்டும் பாவத்தில் விழுந்தவன்; அவனுக்குத் தீயே தண்டனை. ஒப்புக்கொண்டவன் பிழைக்கலாம். சித்திரவதைக்கு அஞ்சிப் பொய் சொன்னேன் என்று உண்மையைச் சொன்னவனே எரிக்கப்பட்டான். மறுநாள் ஆணையத்தின் முன் வந்த ஒரு வீரர், ஐம்பத்து நால்வர் வண்டிகளில் ஏற்றப்பட்டுச் சென்றதைக் கண்டு வெளிறி நின்றாராம். கேட்டால் ஆண்டவரையே கொன்றதாகவும் ஒப்புக்கொள்வேன் என்று அவர் சொன்னது ஆணையத்தின் ஏட்டிலே பதிவாகி இன்றும் இருக்கிறது. அத்தோடு சபைக்காக வழக்காட வந்தோர் கலைந்தனர். போலோஞ்ஞாப் பியேர் அதன்பின் ஆணையத்தின் முன் தோன்றவில்லை.

எல்லா நாட்டிலும் இப்படியே நடந்ததா? இல்லை. சைப்பிரசில் விசாரிக்கப்பட்டோர் குற்றத்தை மறுத்தனர். சபையைச் சேராத சாட்சிகளும் அவர்கள் பக்கம் பேசினர். அரகோன் நாட்டில் தரகோனா மன்றம் 1312இல் அவர்களைக் குற்றமற்றோர் என்றது. இத்தாலியில் ரவேன்னா நகரத்து மன்றம் 1311இலேயே ஒரு பெருந்தீர்ப்பைச் சொல்லியிருந்தது: சித்திரவதைக்கு அஞ்சி ஒப்புக்கொண்டு, பின்னர் அதை மறுத்தவரை நிரபராதி என்றே கொள்ளவேண்டும். பாரிஸ் எரித்த அதே மனிதனை ரவேன்னா விடுவித்தது. சட்டநூல் ஒன்றே, நீதிபதியின் முதுகெலும்பு வேறு. இங்கிலாந்திலோ பொதுச்சட்டம் சித்திரவதையை அறியாது. விசாரணைக்கு வந்த சமய அதிகாரிகள் ஒப்புதல் கிடைக்கவில்லை என்று முறையிட்டனர். வற்புறுத்தி அனுமதி பெற்ற பின்னரும் மூவரே முக்கிய குற்றங்களை ஒப்புக்கொண்டனர்.

இந்த இடத்தில் சற்றே நின்று எமது நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டினது. அச்சுறுத்தியோ ஆசை காட்டியோ பெற்ற ஒப்புதல் செல்லாதென்று அதன் 24ஆம் பிரிவு சொல்கிறது. பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றவாளிக்கு எதிராக எண்பிக்கவே கூடாதென்று 25ஆம் பிரிவு சொல்கிறது. ஆங்கிலேயர் எமக்கு அன்பினால் தந்ததன்று. பொலிஸ் நிலையத்து அறைக்குள் என்ன நடக்குமென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பின்னர் 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. மூன்றாண்டுக்கு மட்டும் என்று கொண்டுவந்ததை 1982இல் நிரந்தரமாக்கினார்கள். அதன் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத உத்தியோகத்தரிடம் கொடுத்த ஒப்புதலைச் சான்றாக்கிற்று. அது வற்புறுத்திப் பெறப்பட்டதென்று காட்டும் பாரத்தையும் குற்றஞ்சாட்டப்பட்டவன் தலையிலேயே ஏற்றிற்று. பூட்டிய அறையில் நிகழ்ந்ததற்கு அவன் யாரைச் சாட்சியாக அழைப்பான்? மட்டக்களப்புப் பகுதியில் கைதான தமிழ் இளைஞர் ஒருவர், தாம் அறியாத சிங்கள மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் இட்டார். 1995இல் ஐம்பதாண்டுச் சிறை விதிக்கப்பட்டார். மேன்முறையீட்டில் அது முப்பத்தைந்தாண்டாயிற்று. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004இல் அவ்வழக்கை ஆராய்ந்து, பாரத்தை அவ்வாறு மாற்றியது நீதியான விசாரணைக்கு மாறானதென்று கூறியது. 1307ஆம் ஆண்டுப் பாரிசை நாம் ஏன் ஹல்துமுல்லைக்கு அழைத்து வந்தோம் என்று இப்போது கேட்கமாட்டீர்கள்.

சபையின் முடிவு சட்டம் படித்தோருக்குப் பெரும் பாடமாகும். 1312 மார்ச்சு 22ஆம் நாள், வியேன் மன்றத்தில், பாப்பரசர் ஐந்தாம் கிளமெந்து சபையைக் கலைத்தார். குற்றவாளியென்று தீர்ப்புச் சொல்லிக் கலைக்கவில்லை. சான்றுகளைக் கொண்டு தீர்ப்பளிக்க இயலாதென்று அவரே ஏற்றுக்கொண்டு, தம் அதிகாரத்தால் ஆணையிட்டுக் கலைத்தார். குற்றம் எண்பிக்கப்படவில்லை; தண்டனை மட்டும் நிறைவேறிற்று. பாப்பரசர் ஒருவருக்கே கட்டுப்பட்டோம் என்று 1139இல் மகிழ்ந்தார்களே, அந்த ஒருவர் கைவிட்டபோது கேட்க நாதியில்லை. ஊர் ஆயரிடம் போக வழியில்லை. அவரை இருநூறு ஆண்டு அலட்சியம் செய்தவர்கள். குடியானவன் வாய் திறக்கவில்லை. அவன் வரி செலுத்தியபோது இவர்கள் செலுத்தாதவர்கள். பொதுச் சட்டத்துக்கு வெளியே வாழ்ந்தவர்களைப் பொதுச் சட்டம் வந்து காக்கவில்லை.

1314 மார்ச்சில், ஒப்புதலை மறுத்து உரத்துப் பேசிய மொலேயையும் சார்னே என்பவரையும் சேன் ஆற்றுத் தீவொன்றில் எரித்தார்கள். ஒரு மாதத்துக்குப்பின் பாப்பரசர் இறந்தார். நவம்பரில் பிலிப்பும் இறந்தான். மொலேயின் சாபம் என்று கதை கட்டினார்கள். எமக்குச் சாபத்தில் நாட்டமில்லை, ஆவணத்தில் உண்டு. 1308 ஆகஸ்டில் சினோன் கோட்டையிலே மூன்று கர்தினால்மார் மொலேயையும் பிற தலைவரையும் விசாரித்துப் பாவமன்னிப்பு அளித்துத் திருச்சபையோடு சேர்த்துக்கொண்ட தோற்சுருள், வத்திக்கான் ஆவணக் காப்பகத்தில் 2001ஆம் ஆண்டு பார்பரா பிராலே என்னும் ஆராய்ச்சியாளரால் அடையாளம் காணப்பட்டது, 2007இல் வெளியிடப்பட்டது. சபை கலையுமுன்னரே பாப்பரசர் கையில் இருந்த காகிதம், எழுநூறாண்டுக்குச் சற்றே குறையப் பெட்டிக்குள் கிடந்தது.

சொத்து யாருக்குப் போயிற்று? பெரும்பாலும் மற்றொரு படைத்துறவுச் சபையாகிய மருத்துவமனை வீரருக்கு. அவர்களிடமிருந்தும் பிலிப்பு இரண்டு இலட்சம் லிவர் கறந்தான். இலண்டன் மாளிகை காலப்போக்கில் சட்டத்தரணிகள் குடியிருக்கும் இடமாயிற்று; இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் என்னும் சட்ட விடுதிகள் அவ்வாறு வந்தன. காந்தியடிகள் 1891இல் பாரிஸ்டரானது இன்னர் டெம்பிளில். 1922இல் அவர் சிறை சென்றதற்காகப் பெயரை நீக்கி, 1988இலே மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். நாற்பதாண்டுக்கு முன் இறந்தவரைச் சேர்த்துக்கொள்வதில் அபாயமில்லையல்லவா!

இனிப் போர்த்துக்கலுக்கு வருவோம். அங்கிருந்து இங்கே வரும் வழி குறுகியது. போர்த்துக்கல் மன்னன் தினிஸ் அறிவாளி. ஆலய வீரரை அவன் எரிக்கவில்லை. காணியை வெளியார் கையில் போகவும் விடவில்லை. 1319இல் பாப்பரசர் அனுமதியோடு ‘கிறிஸ்து சபை’ என்ற பெயரில் புதிய சபை எழுந்தது. பழைய சபையின் காணி, கோட்டை, ஆட்களிற் பலர், சிவப்புச் சிலுவை எல்லாம் அதனிடம் சேர்ந்தன. எசமான் மட்டும் மாறினான்: பாப்பரசர் இருந்த இடத்தில் மன்னன். தோமார் நகரத்துப் பழைய ஆலயக் கோட்டையே பின்னர் அதன் தலைமையிடமாயிற்று.

1420இல் இளவரசன் என்றிக்கு அதன் ஆளுநனானான். கடலோடி என்று புகழப்படுபவன் இவனே. ஆபிரிக்கக் கரையோரம் கப்பல் விட இச்சபையின் வருவாய் உதவிற்று. 1456இல் பாப்பரசர் ஆணை, ஆபிரிக்கக் கரைதொடங்கி இந்தியர்வரை கண்டுபிடிக்கும் நாடுகளின் ஞான அதிகாரத்தை இச்சபைக்கு அளித்தது. நாம் எவரும் அறியாமலே, யாழ்ப்பாணத்து நல்லூரும் கோட்டையும் ஊவாவும் தோமார் மடத்தின் ஏட்டிலே ஏறிவிட்டன! 1497இல் வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் அச்சிலுவையோடு புறப்பட்டன. 1551இல் சபையின் தலைமை என்றென்றைக்கும் போர்த்துக்கல் முடிக்கே உரியதாயிற்று. அதற்கு முன்னரே வீரர் மணம் புரிய அனுமதி வந்துவிட்டது. வறுமை, பிரமசரியம் என்ற விரதங்கள் போய், சபையின் அங்கி என்பது ஆசியாவிலே போர் செய்த சிப்பாய் மனுப்போட்டுக் கேட்கும் பட்டமும் படியுமாக முடிந்தது. தீயில் அழியாதது சம்பளப் பட்டியலிலே கரைந்தது.

ஆனால் சிலுவைப் போரின் மனம் கரையவில்லை. 1560இல் கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா யாழ்ப்பாணத்தின் மேல் வந்தான். 1591இல் புர்த்தாது த மென்தோன்சா வந்தான். 1619இல் பிலிப்பு த ஒலிவேரா அவ்வரசைக் கைப்பற்றி, நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தான். 1620களில் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா திருகோணமலைக் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினான். இக்குற்றத்துக்கு எவருடைய ஒப்புதலும் வேண்டியதில்லை. இன்றும் பிரட்ரிக் கோட்டை வாயிலில் தமிழ்க் கல்வெட்டுத் துண்டு நிற்கிறது. பாண்டியரின் கயற் சின்னமும் நிற்கிறது. கோயிற்கல் கோட்டைச் சுவரில் இருப்பதே சாட்சியம். நகத்திற் குருதி வராமலும், குதிகால் எலும்பு கழலாமலும் எண்பிக்கப்பட்ட வழக்கு இது.

அதே த சா 1630 ஆகஸ்டில் ஊவாவுக்குள் படையெடுத்தான். சில நூறு போர்த்துக்கேயரும், பல்லாயிரம் லஸ்கரின்மார் என்னும் உள்நாட்டுப் படைஞரும் அவனோடு வந்தனர். பதுளையை எரித்துவிட்டுத் திரும்புகையில் கண்டியரசன் செனரத்தின் படைகள் சூழ்ந்துகொண்டன. இளவரசன் இராசசிங்கன் அப்படையில் இருந்தான். ஞானஸ்நானம் பெற்றுத் ‘தொன்’ என்ற பட்டத்தோடு தளபதியின் மேசையில் உண்ட நான்கு முதலிமார் கண்டியோடு முன்னரே பேசி வைத்திருந்தனர். வெல்லவாயாவை அடுத்த ரந்தெனிவெலவில், மழையில் வெடிமருந்து நனைந்த வேளையில், லஸ்கரின்மார் அணிமாறினர். ஆகஸ்டு 25ஆம் நாள் த சா அங்கேயே வீழ்ந்தான். போர்த்துக்கேய ஆசிரியர் அந்த முதலிமாரைத் துரோகிகள் என்றும், த சாவை வேதசாட்சிக்கு ஒப்பானவன் என்றும் எழுதினர். சம்பளத்துக்கும் அச்சத்துக்கும் பின்னே நடந்த பல்லாயிரம் பேர் ஒரே பகலில் மறுபக்கம் போனதற்குத் துரோகம் என்ற ஒரு சொல் போதுமா என்று அவர்கள் தம்மையே கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு நூற்றாண்டு முன்னதாகவே அவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

1630இல் கிறிஸ்து சபையின் தலைமையை வகித்தவனும் ஒரு பிலிப்புத்தான்: போர்த்துக்கல் முடியையும் சேர்த்துத் தரித்திருந்த ஸ்பெயின் மன்னன் நான்காம் பிலிப்பு. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தர் பிடித்ததோடு போர்த்துக்கேயரின் இலங்கை ஆட்சி முடிந்தது. 1834இல் போர்த்துக்கல் துறவு மடங்களை மூடிற்று. தோமார் மடமும் மூடப்பட்டது. இப்போது கிறிஸ்து சபை என்பது போர்த்துக்கல் குடியரசு அளிக்கும் ஒரு விருதின் பெயர். மார்பில் அணிய அதே சிவப்புச் சிலுவை, வாள் இல்லை.

தோழர்களே, பொழுது சாய்ந்துவிட்டது. தொலைவிலுள்ள தோட்டங்களிலிருந்து வந்தோர் இருட்டுமுன் திரும்பவேண்டும். 16ஆம் பிரிவைப் பற்றிக் கேட்க விரும்பும் இளைஞர்கள் இருந்தால், கூட்டம் கலைந்தபின் சிறிது நேரம் இங்கேயே இருப்போம்.